நாலு தட்டோடு நின்ற ஸ்கேன்

செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய மச்சுவீட்டில் அந்த ஸ்கேன் சென்டர். அங்கே தேவேந்திரன்தான் எல்லாம். விலாவில் கருவியை வைத்து, டொக்கென்று ஒலியலையால் தட்டி, ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று எண்ணாகச் சொல்லுவான். பத்துத் தட்டு தட்டணும். வெறும் வயிறாக இருக்கணும். சாப்பிட்டிருந்தால் எண் பொய்யாக எகிறும். நடுநடுவே ஜோக்கடிப்பான். ஸ்கேனைவிட ஜோக்குதான் தனக்கு நன்றாக வரும் என்று நினைப்பு.

அன்று மத்தியானம் வயிறு உப்புசமென்று மங்கை வந்து படுத்தாள். சீட்டில் கணவர் பெயர்: லேட் செல்லப்பன்.

செல்லப்பன் என்றால் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வடை மாஸ்டர். போன வருஷம் இதே கட்டிலில் படுத்தார். நாலு தட்டிலேயே எண் எகிறியது. ஆள் மேலே வடை வாசம் வேறு.

"வடைய உள்ள தள்ளிட்டு வந்து வெறும் வயிறுன்றியே மாஸ்டர், சட்னி எங்க?"

வெளியே வரிசையே சிரித்தது. "பச்சத்தண்ணி கூட குடிக்கல சார்" என்றவரை, நாளைக்கு வா என்று தேவேந்திரன் எழுப்பிவிட்டான். அவர் வரவில்லை.

மங்கைக்குப் பத்துத் தட்டும் ஒழுங்காக விழுந்தன.

"உனக்கு ஒண்ணும் இல்லக்கா."

"அவருக்குத்தான் சார் இருந்துது. ரத்தமா வாந்தி எடுத்து ஆறே மாசத்துல போயிட்டாரு. யாரோ கிண்டல் பண்ணிட்டானாம், திரும்பிப் போவவே மாட்டேன்னுட்டாரு. முந்தின ராத்திரிலேர்ந்து சாப்டல சார் அன்னிக்கு. எண்ணெச்சட்டி முன்னாடி நிக்கிற ஆளு மேல இன்னா வாசம் வரும்?"

அது நான்தான்கா. ஊரையே சிரிக்கவைக்கிற வாயில் அந்த ஒரு வரி மட்டும் வரவில்லை. அவள் போய்விட்டாள்.

அறையில் எண்ணெய் வாசம்.

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

காலிக் கட்டில் கிரீச்சிட்டது. விரிப்பு மெல்லப் பள்ளமானது. திரையில் தானாக ஒரு பெயர் வந்தது: செல்லப்பன். முடிந்த தட்டு: நாலு.

ஓடத்தான் நினைத்தான். தான் பயந்தாங்கொள்ளி என்பதில் அவனுக்கே சந்தேகம் கிடையாது. ஆனாலும் கை கருவியை எடுத்தது.

"மாஸ்டர்," என்றான். "நான் பேசுனது தப்பு. மீதியத் தட்டிடறேன்."

விரிப்புக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், கருவி எதன்மேலோ முட்டி நின்றது.

கல் மாதிரி.

டொக். ஐந்து.

டொக். ஆறு.

ஒன்பது முடிந்தது. "கடைசி ஒண்ணு. மூச்ச இழுத்துப் புடிங்க மாஸ்டர்."

கட்டிலில் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம்.

டொக்.

"ஆச்சு. விடுங்க."

காத்திருந்தான். சாயங்காலமாகியும் அந்த மூச்சு வெளியே வரவில்லை.