அடைபட்ட ஓட்டை

சுடுதண்ணீர் வழவழவென்று வந்தது. சோப்பு சரியாகப் போகவில்லை என்று நினைத்து அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். துவட்டிய துண்டில் மூக்குச்சளி போலப் பழுப்பாக ஒரு நூல் இழுபட்டு வந்தபோதுதான் அது சோப்பு இல்லை என்று தெரிந்தது. எவ்வளவு தேய்த்தும் அக்குளிலும் காது மடலுக்குப் பின்னாலும் அந்த வாடை போகவில்லை; அழுகிய முட்டை நாற்றம், அதற்கும் அடியில், பல் துலக்காத யாரோ வாயைத் திறந்து கழுத்தருகே மூச்சு விடுவது போன்ற ஒரு வெதுவெதுப்பு.

"பழைய ஹீட்டர் அப்படித்தான் இருக்கும். ஒழுகுற வரைக்கும் ஓடட்டும்," என்றான் கணவன். அவன் பச்சைத் தண்ணீரில் குளிப்பவன். அவனுக்கென்ன?

ஒழுகவும் ஆரம்பித்தது. குளியலறைச் சுவரில் தொங்கிய ஹீட்டர் தொட்டியின் அடிவயிற்றில் ஒரு சொட்டு திரளும், விழ மனமில்லாதது போல நீளும், எச்சிலாய்த் தரையில் இறங்கும். அவள் சுவிட்சை அணைத்துவிட்டு, மறுநாள் காலை குழாய் வேலைக்காரரை வரவழைத்தாள்.

"எத்தனை வருஷமா கழுவலம்மா?" ஏணியில் ஏறியபடியே கேட்டார்.

"நாங்க குடிவந்து ஆறு மாசம்தான் ஆகுதுண்ணே."

"வருஷத்துக்கு ஒருதடவை அடியில தங்குற சகதியை வடிக்கணும். உள்ள ஒரு கம்பி இருக்கும். துரு தொட்டியைத் தின்னாம அதைத் தின்னும். அதையும் மாத்திட்டே இருக்கணும். யாரு பார்க்கிறா?"

வாளியில் முதலில் செந்நிறத் தண்ணீர் விழுந்தது, பிறகு முட்டை ஓட்டுத் தூள் போலச் சுண்ணாம்புப் பொருக்கு, அதன்பின் பால் ஆடை போல மடிந்து மடிந்து ஏதோ. அவள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வாளியில் விழுந்த ஆடைகள் ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொண்டன.

அவர் தொட்டியின் அடிமூடியைக் கழற்றி, கம்பியை உருவினார். விரல் பருமன் இருக்க வேண்டியது ஊசியாய் மெலிந்து மினுமினுத்தது.

"துரு தின்னா சொரசொரன்னு இருக்கும்," என்று முனகினார். "இது சப்பிப் போட்ட மாதிரி இருக்கு."

மிச்சச் சகதியைச் சுரண்ட, மூடி இருந்த ஓட்டைக்குள் கையை விட்டார்.

"சுவிட்ச் போட்டிருக்கீங்களாம்மா?"

"இல்லண்ணே. நேத்தே அணைச்சுட்டேன்."

"சூடா இருக்கு." கொஞ்ச நேரம் துழாவினார். "மெத்துனு இருக்கு."

தொட்டிக்குள் யாரோ விழுங்குவது போல ஒரு சத்தம்.

"கையை எடுங்கண்ணே."

"எடுக்கிறேன்மா."

எடுக்கவில்லை.

அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவரோடு சேர்ந்து தொட்டியும் அசைந்தது. சுவர் ஆணிகள் கிறீச்சிட்டன. வாடை கனத்தது. நாக்கில் இனித்தது.

அண்ணாந்து பார்த்தாள்.

ஓட்டையின் விளிம்பிலிருந்து தோல் வளர்ந்திருந்தது. ஈரத் தோல். ஈறு நிறம். அவர் மணிக்கட்டைச் சுற்றிலும். தையல் இல்லை. தழும்பு இல்லை. எது அவர், எது தொட்டி என்று தெரியவில்லை.

"வலிக்கலம்மா," என்றார் அவர், ஆச்சரியமாக.

ஒரு சொட்டுகூட இப்போது ஒழுகவில்லை. அவர் கையில் புடைத்திருந்த பச்சை நரம்பு மணிக்கட்டோடு நிற்காமல், தொட்டியின் வெள்ளைப் பூச்சின் மேல் ஏறி, கிளை கிளையாகப் பிரிந்து, மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது.