சூடு ஆறாத கை

பழைய மாளிகை ஒன்றின் மாடிக்கூடத்தில் சுவர் வேலை. நானும் மாப்பிள்ளையும் போனோம். மாப்பிள்ளை என்றால் என் மனைவியின் தம்பி. எங்களோடு வாளி சுமந்த அவள் சாரத்திலிருந்து விழுந்து செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. சோறு ருசிக்கவில்லை. உளி பட்டுக் கை கிழிந்தாலும் உறைக்கவில்லை.

சுவரில் ஒரு புடைப்புச் சிற்பம். முன்னால் நடக்கும் ஆண். பின்னால் அவன் தோளைத் தொட வரும் பெண். அவள் கை மணிக்கட்டோடு உடைந்து போயிருந்தது.

"கிரேக்கக் கதைப்பா," என்றார் வீட்டுக்கார அம்மா. "செத்த பொண்டாட்டியப் பாதாளத்துலேருந்து கூட்டிட்டு வர்றான். வெளிய வர்ற வரைக்கும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்துட்டான். போயிட்டா."

"எங்க மாமான்னா தப்பிச்சிருப்பாரு," என்றான் மாப்பிள்ளை. "அக்கா கத்திக் கூப்பிட்டாலே திரும்ப மாட்டாரு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பிளாஸ்டர் குழைத்துக் கையை உருவாக்கினேன். முடித்த பிறகுதான் கவனித்தேன். சுண்டுவிரல் வளைந்திருந்தது. செங்கல் விழுந்து நசுங்கிய பிறகு என் மனைவியின் விரல் அப்படித்தான் இருந்தது.

பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும். கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும்.

மறுநாளும் அந்தக் கை சூடாக இருந்தது.

மாப்பிள்ளை தொட்டுப் பார்த்துச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். "உடைச்சிரலாம் மாமா."

"இருக்கட்டும்டா."

அன்று சாயங்காலம் அவன் சாமான்களோடு முன்னால் இறங்கிவிட்டான். நான் பின்னால் இறங்கினேன். என் முதுகுக்குப் பின்னே வாளியின் கைப்பிடி கிறீச்சிட்டது. எங்களுடைய ஒரே வாளி அவன் கையில் கீழே இருந்தது.

ஈரச் சுண்ணாம்பு வாசனை. அதில் கலந்த வியர்வை.

நான் நின்றேன். அதுவும் நின்றது.

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தான். வாளி அவன் கையிலிருந்து நழுவி உருண்டது.

"மாமா. திரும்பாதீங்க."

"யாருடா?"

அவன் அழுதான். "நடங்க மாமா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

நடந்தேன்.

மறுநாள் சிற்பத்தில் கை இல்லை. கீழே தூள்கூடக் கிடக்கவில்லை. வீட்டுக்கார அம்மாவின் திட்டை வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை வேறு கை செய்து ஒட்டினான், நேரான விரல்களோடு. அது ஆறிப்போயிற்று.

வெளியே வந்த பிறகு பார்க்கலாம். எது வெளியே என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தே படுக்கிறேன். உடம்பு கட்டையாய் மரத்துக் கிடக்கிறது.

தோளில் மட்டும் சூடு. ஐந்து விரல்கள். ஒன்று வளைந்தது.