மூட முடியாத ஐஸ் பெட்டி

கேத்லீனின் அப்பாவுக்கு உம்பாய் படகுத் துறையில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. காலிப் பெட்டி.

அவருடைய உண்மையான பெயர் சவரியப்பன். பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. சனிக்கிழமைகளில் தன் சின்னப் படகில் மீன் பிடிக்கப் போவார். போகும்போது ஐஸ் பெட்டியில் ஐஸ் இருக்கும். திரும்பும்போது தண்ணீர் இருக்கும். மீன் இருந்ததே இல்லை.

கேத்லீனுக்குப் பதினொரு வயது. அவள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா தூங்கப் போவார். அவள் மாலையில் பாடம் படிக்க உட்காரும்போது அவர் வேலைக்குக் கிளம்புவார். கொட்டாவி விடாத அப்பா அவளுக்குக் கிடைப்பது சனிக்கிழமை மட்டும்தான். அதுவும் படகில்தான்.

அதனால்தான் மீன்பிடிப் போட்டி நாளன்று காலையில் அப்பா சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இதுதான் கடைசி. இன்னிக்கும் ஒண்ணும் கிடைக்கலன்னா படகை வித்துடுறேன் லா. சிரிச்சது போதும்."

"யாரு சிரிச்சா?"

"யாரு சிரிக்கல, அதைக் கேளு."

பதில் உடனே வந்தது. தூண்டில் கடைக்காரர் மீரா சாஹிப் தன் பெரிய படகிலிருந்து எட்டிப் பார்த்தார். பக்கத்தில் அவர் மகள் நஜ்வா. கேத்லீனின் வகுப்புதான்.

"என்னப்பா காலிப் பெட்டி! ஐஸ் எதுக்கு வீணா? ரெண்டு போத்தல் தண்ணி வெச்சுக்க, குடிக்கவாவது ஆகும்!"

துறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் கயிற்றை அவிழ்க்கும்போது அவர் கை முடிச்சோடு சண்டை போட்டது.

"பெரியவர் ஒருவர், பிள்ளை ஒருவர்" என்பதுதான் அன்றைய போட்டி. மீன் மாட்டினால் பிள்ளைதான் தூண்டிலைப் பிடிக்க வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்குள் துறைக்குத் திரும்பிவிட வேண்டும். பெரிய மீனுக்குப் பரிசு.

படகு கடலுக்குள் போனது. புலாவ் பெசார் தீவு பின்னால் சின்னதாகியது.

எந்த மாதிரி இடத்தில் தெங்கிரி என்கிற வஞ்சிர மீன் இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். ஆற்றிலிருந்து வரும் கலங்கல் நீர் கொஞ்சம் சூடாக இருக்கும். வெளிக்கடலின் தெளிந்த நீர் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். இரண்டும் முட்டிக்கொள்ளும் கோட்டில் குட்டி மீன்கள் கூடும். அவற்றைத் தின்னத் தெங்கிரி வரும். கோட்டைக் கண்டுபிடித்தால் மீனைக் கண்டுபிடித்த மாதிரி.

சிக்கல் என்னவென்றால், அப்பா இதுவரை கோட்டைக் கண்டுபிடித்ததில்லை.

அவரிடம் கைப்பேசியில் ஒரு படம் இருந்தது. கடலில் எங்கே சூடு, எங்கே குளிர் என்று செயற்கைக்கோள் எடுத்த படம். கயிறு கட்டிய ஒரு வாளியும், ஒரு வெப்பமானியும் இருந்தன. அப்பா இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே வாளியை நீரில் போட்டு இழுப்பார். கேத்லீன் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். ஆறு மாதமாக இதுதான் நடந்தது.

"எவ்வளவு?"

"முப்பத்திரண்டு."

கொஞ்ச தூரம் போய் மறுபடியும் வாளி.

"இப்ப?"

"முப்பத்திரண்டு."

"கடல் முழுக்க ஒரே சூடா இருக்கு. இதுல கோடு எங்க இருக்கும்?" என்றார் அப்பா.

ஒன்பது மணியானது. கேத்லீனுக்குப் பசித்தது. அம்மா கட்டிக் கொடுத்த சார்டின் சம்பல் ரொட்டியைத் தின்றாள். கை பிசுபிசுத்தது. இஞ்சினின் பின்பக்கத்திலிருந்து சிறுநீர் போல ஒரு நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டிருந்தது. கழுவச் சுலபமாக இருக்கிறதே என்று கையை அதில் நீட்டினாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

"அப்பா, இந்தத் தண்ணி ஏன் சுடுது?"

"இஞ்சின் சூடாகாம இருக்க கடல் தண்ணிய உள்ள இழுக்கும். சுத்திட்டு வெளிய துப்பும். அதான்."

கேத்லீன் நீர்த்தாரையைப் பார்த்தாள். அது விழும் இடத்தைப் பார்த்தாள். அப்பா வழக்கமாக வாளி போடும் இடத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒரே இடம்.

நோட்டைப் புரட்டினாள். மார்ச் மாதம், முப்பத்திரண்டு. ஏப்ரல், முப்பத்திரண்டு. மழை கொட்டிய மறுநாளும் முப்பத்திரண்டு.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு படகின் முன்பக்கம் தவழ்ந்து போனாள். அங்கே போட்டு இழுத்தாள்.

"அப்பா. இங்க முப்பது புள்ளி எட்டு."

"என்ன?"

"முப்பது புள்ளி எட்டு. நீங்க இஞ்சின் துப்புன தண்ணியையும் சேர்த்து அள்ளியிருக்கீங்க."

அப்பா இஞ்சின் பக்கம் குனிந்தார். பிறகு நீர்த்தாரையையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறு மாசமா என் இஞ்சினுக்குக் காய்ச்சல் பார்த்துக்கிட்டு இருந்தேனா?"

"உக்காந்த இடத்துலயே வாளி போட்டா அப்படித்தான்."

"வாரம் பூரா நைட் ஷிப்ட் பார்த்தவன் எப்படிம்மா எழுந்து நடப்பான்?" என்றார் அப்பா. ஆனால் அவர் கண்களில் தூக்கம் இல்லை.

கைப்பேசிப் படத்தை இருவரும் பார்த்தார்கள். படத்தில் கோடு இன்னும் கரைப் பக்கமாக இருந்தது. அதன்படி அவர்கள் கோட்டைத் தாண்டி வந்துவிட்டார்கள். ஆனால் சுற்றிலும் நீர் கலங்கலாகத்தான் இருந்தது.

"திரும்பிப் போய்த் தேடுவோமா?" என்றார் அப்பா.

கேத்லீன் படத்தின் ஓரத்தில் இருந்த தேதியைப் படித்தாள். "இது புதன்கிழமை படம். அப்புறம் ரெண்டு நாளா மேகம், புதுப் படம் இல்ல. கடல் நமக்காக அங்கேயே நிக்குமா?"

தூரத்தில் ஒரு மிதவை இருந்தது. அதில் சிக்கிய பாசி வெளிக்கடல் பக்கமாக நீண்டு கிடந்தது.

"தண்ணி வத்துற நேரமாப்பா?"

"ஆமா. பதினொரு மணி வரைக்கும் வத்தும்."

"அப்ப ஆத்துத் தண்ணி வெளியதான் ஓடுது. கோட்டையும் தள்ளிக்கிட்டுப் போயிருக்கும். இன்னும் வெளிய போங்க."

அப்பா மணியைப் பார்த்தார். வெளியே போனால் திரும்ப நேரம் பிடிக்கும். "தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா காலிப் பெட்டி. அது நமக்குப் புதுசா?"

அப்பா சத்தமாகச் சிரித்தார். படகை வெளிக்கடல் பக்கம் திருப்பினார்.

கேத்லீன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாளி போட்டாள். முப்பது புள்ளி எட்டு. முப்பது புள்ளி ஏழு. முப்பது புள்ளி ஏழு. கை வலித்தது. மறுபடியும் போட்டாள்.

இருபத்தொன்பது புள்ளி ஆறு.

"நிறுத்துங்க!"

கத்தியிருக்கவே வேண்டாம். இருவரும் பார்த்துவிட்டார்கள். கடலில் நீளமாக ஒரு நுரைக் கோடு. அதில் இலைகள், ஒரு போத்தல், ஒற்றைச் செருப்பு. இந்தப் பக்கம் தேத்தண்ணீர் நிறம். அந்தப் பக்கம் பச்சை. மேலே பறவைகள் பாய்ந்து பாய்ந்து குத்தின.

அப்பா தெளிந்த நீர்ப் பக்கமாகக் கோட்டை ஒட்டிப் படகைச் செலுத்தினார். தூண்டிலில் கட்டிய பிளாஸ்டிக் மீன் பின்னால் நீந்தி வந்தது.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தூண்டில் வில்லாக வளைந்தது. ரீல் கீச்சிட்டது.

"பிடி, பிடி! நான் தொடக்கூடாது!"

கேத்லீன் பிடித்தாள். மீன் அவளைப் படகோடு சேர்த்து இழுத்துப் போகப் பார்த்தது. அப்பா அவள் மிதவைச் சட்டையை மட்டும் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"ஓடுறப்ப சுத்தாத. விடு. நின்னா சுத்து."

மீன் ஓடியது. விட்டாள். நின்றது. சுற்றினாள். இருபது நிமிடத்தில் அவள் தோள் தனியாகக் கழன்றுவிடும் போலிருந்தது. அப்புறம் நீருக்கடியில் வெள்ளியாக ஏதோ மின்னியது.

தெங்கிரி. கேத்லீனின் நெஞ்சு உயரம் இருக்கும்.

அப்பா அதை ஐஸ் பெட்டியில் வைத்தார். தலை உள்ளே போனது. வால் உள்ளே போகவில்லை. மூடியை அழுத்திப் பார்த்தார். மூடவில்லை.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது துறைக்கு வந்தார்கள். மீரா சாஹிப் முன்பே வந்திருந்தார். காலையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"என்ன சவரி, பெட்டிய மூடிக் கொண்டு வரக்கூடாதா? ஐஸ் எல்லாம்…"

வாலைப் பார்த்தார். பாதி வாக்கியம் அப்படியே நின்றது.

ஆறு கிலோ எண்ணூறு. முதல் பரிசு இல்லை. யாரோ ஒரு பையன் ஏழு கிலோ மீன் கொண்டு வந்திருந்தான். கேத்லீனுக்கு இரண்டாவது பரிசு. பெரிய, நீளமான, புத்தம் புது ஐஸ் பெட்டி.

"பாப்பா, எங்க பிடிச்ச? எப்படி?" என்று மீரா சாஹிப் மெதுவாகக் கேட்டார்.

"வாளிய முன்பக்கம் போட்டேன் மாமா."

"கிண்டலா?" என்றார் அவர். பின்னால் நின்ற நஜ்வா மட்டும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்: வாளி, முன்பக்கம்.

பெட்டிகளைப் பிக்கப்பின் பின்னால் ஏற்றினார்கள்.

"அப்பா, புதுப் பெட்டி பெருசு. மீனை இதுல வெச்சா மூடலாம்."

"எதுக்கு மூடணும்?" என்றார் அப்பா.

வீடு பாயா ரும்புட்டில். அப்பா நேர்வழியில் போகவில்லை. நகரத்துக்குள் போனார். மெதுவாகப் போனார். ஒரு சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றார். மூன்று மணிக்குச் சனிக்கிழமைப் பகல் ஷிப்ட் முடியும் நேரம் பார்த்துப் பத்து பெரண்டாம் தொழிற்சாலை வாசலில் வண்டியை ஓரம் கட்டினார்.

கூட வேலை செய்பவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். அத்தனை பேரும் வாலைப் பார்த்தார்கள்.

"யாரு பிடிச்சா, சவரி?"

அப்பா ஜன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்கினார்.

"என் மகள்."

"படகை வித்துடுறேன்னு சொன்னீங்களே?" என்று கேத்லீன் காதருகே கேட்டாள்.

"யாரு சொன்னா?" என்றார் அப்பா. "அடுத்த சனிக்கிழமை ஆறரைக்கு எழுந்துடு. வாளி உன் பொறுப்பு."