பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த 'ம்ம்ம்' சத்தம் நிற்கவில்லை.

அவள் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மேல்தட்டிலிருந்து இளகி விழும் பனிக்கட்டிகளைப் பேசினில் வாங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பிகளின் நிழல் ஈரத் தரையில் கோடு கோடாக விழுந்திருந்தது. ஈரத்துணி வாடையும் பழைய பால் வாடையும் கலந்து மத்தியான வெக்கையில் மெல்ல எழும்பி வந்தன. பனி ஒரு விரல் கனம் ஏறினால் கரண்ட் கன்னாபின்னாவென்று இழுக்கும் என்று புருஷன் சொல்லிக் கொடுத்திருந்தான். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஆயிற்றே, அந்த வீட்டில் அவன் சொன்னால் சொன்னதுதான். சனிக்கிழமை தானும் கூட இருந்து செய்து தருகிறேன் என்றிருந்தான். இவளுக்கு எங்கே பொறுமை? வியாழக்கிழமையே ஆரம்பித்துவிட்டாள்.

கரண்டை மிச்சம் பிடிக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சூடு ஆறாத பாத்திரத்தை உள்ளே வைக்கமாட்டாள். ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தி, பின்பக்கத் தூசியை மாசம் தவறாமல் துடைத்தாள். தையல் மெஷினின் மோட்டாரைக்கூடக் கழற்றிவிட்டு, முழங்கால் வலிக்க வலிக்கக் காலால் மிதித்துத் தைத்தாள். அப்படியும் மீட்டரில் யூனிட் குறையவே இல்லை. "நீ சும்மா சும்மா கதவைத் திறந்து பாக்குறே, அதான்," என்பான் அவன். அதையும் நம்பி, கோடை முழுக்கக் குழாயில் சுடச்சுட வந்த தண்ணீரையே குடித்தாள், பைத்தியக்காரி.

சத்தம் அப்படியே இருந்தது. காதில் வண்டு கிண்டு புகுந்துவிட்டதா? ஃபேனை நிறுத்தினாள். எல்லா ரூமிலும் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அமுக்கிவிட்டு வாசலுக்குப் போய் மீட்டரைப் பார்த்தாள். எல்லாம் அணைந்திருந்தால் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கும் சும்மா இருக்க வேண்டும். அது நின்று நிதானமாக மினுக்கிக்கொண்டிருந்தது.

"எதுடா இது?" என்றாள் வாய்விட்டு.

திரும்பி வந்து சத்தத்தைப் பின்தொடர்ந்தாள். கூடத்தில் குறைந்தது, சமையலறையில் கூடியது, பின்சுவர் பக்கம் போனபோது பல்லுக்குள் கூசியது. சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வெயில் படாத சுவர். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. பதினோரு வருஷம் மெக்கானிக்கோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தச் சூடு தெரியாதா? உள்ளே எதையோ குளிரவைக்கிற மெஷின் வெளியே கக்குகிற சூடு.

சுவருக்கு அந்தப் பக்கம் பின்னறை. எட்டு மாதத்துக்கு முன்னால்வரை அது தங்கச்சியின் அறை.

இவளைவிடப் பத்து வயது சின்னவள். இடுப்பில் தூக்கி வளர்த்த குட்டி. அக்கா துணிக்கடைக்குப் போயிருந்த ஒரு மணி நேரத்தில், ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டாள். வெளிநாட்டில் வேலை என்று மெசேஜ் மட்டும் வந்தது. கூப்பிட்டால் எடுக்கமாட்டாள், எழுதினால் பதில் போடுவாள். "இவ்வளவு செஞ்சும் என்னை முட்டாளாக்கிட்டாளே," என்று அழுதவளை அவன்தான் மடியில் போட்டுத் தேற்றினான். அந்த அறை என் கண்ணில் படவே கூடாது, பூட்டித் தொலையுங்கள் என்று கத்தியவளும் இவள்தான். ரிப்பேருக்கு வந்து தேறாமல்போன பெரிய படுக்கை ஃப்ரீசர் ஒன்றை, கடைகளில் ஐஸ்கிரீம் போட்டு வைப்பார்களே அந்த மாதிரி, அதற்குள் தள்ளிப் பூட்டிவிட்டான்.

போன் போட்டாள்.

"என்னங்க, பின்னறையில எதாவது ஓடுதா?"

"அங்க என்ன ஓடப்போகுது? அந்த ஃப்ரீசர்தான் கம்ப்ரசர் போயி எப்பவோ செத்துக் கிடக்கே. ஏன்?"

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன், மீட்டர் மட்டும் நிக்கலை. இன்னைக்கே பனியை எடுத்துடலாம்னு..."



"சனிக்கிழமைன்னுதானே சொன்னேன்," என்றான். குரலில் கோபமே இல்லை. "சரி, எதையும் தொடாதே. இதோ வர்றேன்."

கோபப்பட்டிருந்தால் சும்மா இருந்திருப்பாள். ஒரு டம்ளர் உடைந்தால்கூட வீட்டை இரண்டாக்குகிறவன் இவ்வளவு பொறுமையாகப் பேசியதுதான் அவளைப் பின்னறைக் கதவுக்கு இழுத்துப் போனது.

சாவி அவன் இடுப்பில். ஆனால் மெக்கானிக் பெண்டாட்டிக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாதா? கொண்டியின் நாலு திருகாணியையும் கழற்றினாள். கடைசி ஆணி தரையில் உருண்டு எங்கேயோ போய் நின்றது.

கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. கீலில் புது எண்ணெய்.

உள்ளே சூடான தூசி வாடை. ஜன்னலில் அட்டை அடித்திருந்தது. செத்துப்போனதாகச் சொன்ன ஃப்ரீசர் சுவரோரம் மெதுவாக உறுமிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் தரையில் தண்ணீர் பாட்டில்கள், இருபது முப்பது இருக்கும், வரிசையாக. காலி ஃப்ரீசர் கரண்டைக் குடிக்கும், பாட்டிலில் தண்ணீர் பிடித்து இடத்தை அடைத்து வை என்று ஊரெல்லாம் போதிக்கிறவன் அவன். குனிந்து ஒன்றைத் தொட்டாள். உள்ளே இன்னும் பாதி கட்டி. வெளியே வியர்த்திருந்தது.

காலையில்தான் எடுத்து வைத்திருக்கிறான். இடம் வேண்டி.

மூடியைத் தூக்கினாள்.

வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. விலகியது.

குட்டி.

ஒருக்களித்துப் படுத்திருந்தாள். புருவத்தில் பனி. இமையில் பனி. அக்கா தைத்துக் கொடுத்த நீலச் சட்டை. போனதாகச் சொன்ன அன்று போட்டிருந்த அதே சட்டை. போகவே இல்லை. ஐயோ, எங்கேயும் போகவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இவள் உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பாவி. படுபாவி. உன் மடியிலயாடா அழுதேன்?

அலமாரியில் ஏதோ மினுங்கியது. தங்கச்சியின் செல்போன், சார்ஜில். திரையில் இவள் காலையில் அனுப்பியது: 'எப்போடி வருவே?' கீழே பதில்: 'சீக்கிரமே பாக்கலாம்க்கா.'

அதற்கடுத்து இன்னொரு மெசேஜ். இன்னும் போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தானாகப் போகும்படி நேரம் குறித்திருந்தது. அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு.

'அம்மா, அக்காவும் என்கிட்டயே வந்துட்டா. இனிமே நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாதான் இருப்போம். கவலைப்படாதீங்க.'

வாசலில் வண்டி நின்றது. கேட் திறந்தது. மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

"எங்க இருக்கேம்மா?"

ஓடத் தோன்றியது. ஆனால் கண் நகரவில்லை. தங்கச்சிக்குப் பக்கத்தில் பாதி ஃப்ரீசர் காலி. பனியைச் சுரண்டித் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தான். அந்தக் காலி இடத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, அவளுடைய தையல் டேப் நீட்டிப் போட்டிருந்தது, குளிரில் விறைத்துக் குச்சி மாதிரி.

அறுபது அங்குல டேப். அவள் உயரமும் அதுதான்.