பதினேழாம் நம்பர் நல்லம்மா

பசறை பஸ் கரடிமலைத் தோட்டத்துச் சந்தியில் நின்றபோது பிற்பகல் மூன்று மணி. மழை விட்டிருந்தது. தேயிலைச் சரிவில் மூட்டமாகப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஜுனைதீன் இறங்கித் தன் சப்பாத்தைப் பார்த்தான், சேறு. பிறகு தோட்டத்தைப் பார்த்தான். அதையும் அதே முகத்தோடுதான் பார்த்தான்.

பதுளையில் புடவைக் கடை வைத்திருப்பவரின் மகன். கொழும்பில் ஆறு மாதம் கொம்பியூட்டர் படித்தவன். இந்த 1987இல் ஊவா மாகாணம் முழுவதிலும் அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர் என்றால், அந்த மூன்று பேரும் தானே என்று நினைப்பவன். போன கிழமைதான் வந்து, தோட்டத்துக் கொம்பியூட்டரில் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றிப் போயிருந்தான்.

அன்றிலிருந்து கோளாறு.

கிளாக்கர் இராசையா ஒப்பீஸ் வாசலிலேயே நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"என்ன கிளாக்கர், பெட்டி கடிச்சிட்டா?"

"பேரு மாறிப் போகுதுங்க தம்பி. உள்ள போய்ப் பாருங்க."

"நீங்களும் வாங்களேன்."

"நான் இங்கயே நிக்கிறேன்."

ஜுனைதீன் சிரித்தான். வராந்தாவில் காலிக் கூடையோடு ஒருத்தி நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையிலும் மரியாதை இல்லை.

"நீங்கதான் மிஷினுக்கு வைத்தியரா? எம் பேரத் தின்னுட்டு அது சொகமா இருக்கு. நான்தான் ஆறு நாளா வேலையில்லாம நிக்கிறேன்."

அவள் ரெங்கம்மா. மேல் டிவிசனில் கொழுந்து பறிப்பவள். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசையில், கங்காணி பட்டியலைப் படிப்பார். பேர் கூப்பிட்டவருக்குத்தான் அன்றைக்கு வேலை. ஏழு நாள் தொடர்ந்து கூப்பிடாவிட்டால் பேர் வெட்டு. குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். நாளை ஏழாவது நாள்.

"பேர்ப் புத்தகத்தில எழுதுறதுதானே?" என்றான் ஜுனைதீன்.

"பொஸ்தகமா? மிஷின் வந்திருச்சின்னு தொரை எல்லாத்தையும் எரிச்சுட்டாரு. எரிஞ்சப்ப கை தட்டுனதே இந்தக் கிளாக்கரய்யாதான்."

இராசையா வேறு பக்கம் பார்த்தார்.

ஜுனைதீன் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஏறின. மேல் டிவிசனில் அறுபத்து நான்கு பேர். ரெங்கம்மாவின் நம்பர் பதினேழு. அந்த இடத்தில் ஆங்கில எழுத்தில் வேறொரு பேர் இருந்தது.

நல்லம்மா.

அழித்தான். ரெங்கம்மா என்று அடித்தான். பதிந்து, மறுபடி திறந்தான்.

நல்லம்மா.

பெட்டியை நிறுத்திப் போட்டான். காப்புக்கு வைத்திருந்த டிஸ்க்கிலிருந்து பட்டியலை ஏற்றினான். பழைய சிஸ்டத்தைப் போட்டுப் பார்த்தான். எதைப் போட்டாலும் பதினேழில் அவள்தான் இருந்தாள். அறைக்குள் பச்சைக் கொழுந்து வாசம் வந்தது. நனைந்து, சாக்குக்குள் கிடந்து புழுங்கிய கொழுந்தின் வாசம். ஜன்னல்கள் சாத்தித்தான் இருந்தன.

"யார் இந்த நல்லம்மா?" என்று வெளியே கத்தினான்.

ரெங்கம்மா சொன்னாள்.

"எம் பக்கத்து நெரையில கொழுந்து பறிச்சவ. செத்து ரெண்டு வருசமாச்சு. காய்ச்சல்ல கெடந்தா. வேலைக்கு வரலன்னு இந்தக் கிளாக்கரய்யா பேர வெட்டிட்டாரு. பேரு இல்லாதவளுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு ஏது? பேரப் போடுங்கய்யா, போடுங்கய்யான்னு இங்க வந்து குந்தியிருந்தா. 'நாளைக்கு வா'ன்னாரு. சாயங்காலம் போயி எழுப்புனேன், எந்திரிக்கல. அதுவரைக்கும் நம்பரில்லாமப் பறிச்ச எனக்கு மறுவாரம் அவ நம்பரக் குடுத்தாங்க."

ஜுனைதீன் மேசையில் தட்டிச் சிரித்தான்.

"இவ்வளவுதானா! செத்தவட நம்பரச் சட்டி பானை மாதிரித் தூக்கி அடுத்தவளுக்குக் குடுத்தீக்கிறீங்க. பழைய சிஸ்டம் மூளயில்லாத மோடன், கண்டுக்கல்ல. புதுசுக்கு மூள ஈக்கி. ஒரு நம்பருக்கு ரெண்டு பேரா எண்டு கேக்குது. பேயுமில்ல, பிசாசுமில்ல. உங்கட மோட்டு வேலை!"

பதினேழாம் நம்பரையே அழித்தான். நிச்சயமாக அழிக்கவா என்று பெட்டி கேட்டது. ஆம் என்றான். ரெங்கம்மாவுக்கு அறுபத்தைந்து என்று புது நம்பர் கொடுத்தான். பேர் பதிந்தது. மூன்று முறை திறந்து பார்த்தான். அப்படியே இருந்தது.

"நாளைக்கு உன்ட பேர்தான் கடைசி. போய்த் தூங்கு."

"கூப்பிட்டாத்தான் பேரு. அச்சடிச்சா பேரா?" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

காலைப் பட்டியல் சரியாக வந்தபின்தான் அவன் கிளம்ப வேண்டும் என்பது துரையின் உத்தரவு. துரை உத்தரவை வைத்துவிட்டுப் பண்டாரவளைக்குப் போய்விட்டார். ஜுனைதீன் விருந்தினர் அறையில் படுத்து, தோட்டத்தையும் மூட்டைப்பூச்சியையும் ஒரே வார்த்தையால் திட்டியபடி தூங்கிப்போனான்.

காலை ஆறு மணிக்குப் பிரிண்டரை ஓடவிட்டான். தாள் முழுவதும் வெளியே வந்ததும் கரண்ட் போனது. தாளைப் பார்க்காமல் கிழித்தெடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு நடந்தான். பனிக்குள் அறுபத்து நான்கு பேரும் வரிசையாக நின்றார்கள். கங்காணி அழகர் தாளை வாங்கினார். பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நான் படிக்க மாட்டேங்க."

"ஏன்?"

"செத்தவங்க பேரப் பெரட்டுல கூப்பிடக் கூடாதுங்க. கூப்பிட்டா வேல குடுக்கணும்."

ஜுனைதீன் தாளைப் பார்த்தான். ஒன்று, நல்லம்மா. இரண்டு, நல்லம்மா. மூன்று, நல்லம்மா. அழித்த பதினேழும் இருந்தது. அறுபத்து நான்கு வரிகளிலும் அதே பேர்.

அறுபத்தைந்தில் மட்டும் ரெங்கம்மா.

"புது சிஸ்டத்தில ஏதோ பிழை," என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கடைசிப் பேர மட்டும் கூப்பிடுங்க."

"மொதல்லேருந்துதான் கூப்பிடணும். ஆறு நாளா அந்த ஒரு வரியக் கிளாக்கரய்யா அடிச்சுக் குடுத்தாரு, அறுவத்து நாலையும் அடிச்சா பட்டியலே செல்லாது. அதான் பெரட்டு."

"ஏழாவது நாளுங்க," என்றாள் ரெங்கம்மா. "சிரிக்கத் தெரிஞ்சவருக்குப் படிக்கத் தெரியாதா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது போதும் அவனுக்கு. தாளை உயர்த்திப் பிடித்தான்.

"ஒண்டு. நல்லம்மா!"

பார்த்தீர்களா என்பதுபோல் கங்காணியைப் பார்த்தான்.

"இருக்கேனுங்க."

தூரத்தில், மலைக்கு மேலே, பனிக்குள்ளிருந்து.

"யாரது? வெளாட்டா?"

இராசையா மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு. நல்லம்மா."

"இருக்கேனுங்க." இப்போது காட்டுப் பாதையிலிருந்து.

பத்தாவதுக்கு வடிகாலுக்கு அப்பாலிருந்து வந்தது. இருபதாவதுக்குக் களத்தின் ஓரத்திலிருந்து. சளி கட்டிய, காய்ச்சல்காரியின் குரல்.

அவன் நிறுத்தினான்.

"படிங்க," என்றாள் ரெங்கம்மா. "எம் பேரு இன்னும் வரல."

படித்தான். முப்பது. நாற்பது. அவன் முதுகில் சூடு ஏறியது. காய்ச்சல் உடம்பின் சூடு. புழுங்கிய கொழுந்து வாசம் அவன் காதோரம் மூச்சு விட்டது.

திரும்பவில்லை.

அறுபத்து மூன்று. அறுபத்து நான்கு. பதில் அவன் தோளுக்கு மேலிருந்து வந்தது.

பிறகு சூடு விலகியது. அவனைக் கடந்து, வரிசையை நோக்கி ஏதோ நடந்தது. ஈரப் புல் படிந்து படிந்து நிமிர்ந்தது. வரிசையின் கடைசியில், ரெங்கம்மாவிடம் போய் நின்றது.

"அறுவத்தஞ்சு," என்றான். "ரெங்கம்மா."

ரெங்கம்மா தலை நிமிர்ந்தாள். கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டாள். வாய் திறந்தாள்.

"இருக்கேனுங்க."

அறுபத்து நான்கு தடவை அவன் கேட்ட அதே குரல்.

பக்கத்தில் நின்றவர்கள் மெல்ல விலகினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தனக்கு வேலை கிடைத்த நிம்மதியோடு, இருமிக்கொண்டே மலை ஏறினாள்.