கண்ணாடி ஜாடியில் சுவர்ப்பாம்பு

பாம்பு ஞானசெல்வியைக் கடித்துப் பத்து மணி நேரம் ஆகியிருந்தது. அரிக்கேன் விளக்கில் இரண்டு சுடர் தெரிந்தது.

கண்ணைக் கசக்கினாள். மறுபடியும் இரண்டு. வெளியே ஐப்பசி மழை ஓட்டின் மேல் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. ஈரச் சவுக்கு விறகின் வாசனையும் கால்வாய்ச் சேற்றின் வாசனையும் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்து, பாயிலும், கால்மாட்டில் சுருண்டு கிடந்த பழைய சேலையிலும், குழந்தையின் தலைமயிரிலும்கூட ஏறியிருந்தன. மழைக்காலத்தில் திருவொற்றியூரில் பல வீடுகளில் இப்படித்தான். எண்ணூர்ப் பக்கமிருந்து படகில் வரும் விறகு நனைந்தே வந்து சேரும். அதை உலர்த்தப் படுக்கிற அறையிலேயே சுவரோரம் அடுக்கிவிடுவார்கள்.

நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில்தான் விறகுக்காரி கன்னியம்மா ஒரு கட்டு விறகை இறக்கிப் போட்டுவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் அதன் பின்னாலிருந்து ஒன்று பல்லியைத் துரத்திக்கொண்டு சுவரில் ஏறியது. விரல் தடிமன். பழுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டைகள்.

"கட்டுவிரியன்," என்று கத்தியபடி மாமியார் தேவகிருபை குழந்தையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"இல்ல அத்தை. சுவர்ப்பாம்பு. விஷமே கிடையாது."

கல்லூரியில் விலங்கியல் படித்த காலமெல்லாம் நாலு பேர் முன்னால் ஞானசெல்வி வாய் திறந்ததில்லை. நேற்று திறந்தாள். துண்டைப் போட்டுப் பாம்பைப் பிடித்தாள். அது விரலைக் கடித்தது. ரத்தம் பொடித்த விரலை, கூடிவிட்ட அக்கம்பக்கத்தாருக்குத் தூக்கிக் காட்டினாள். பாம்பைக் கண்ணாடி ஜாடியில் விட்டு, ஜாடியின் வாயைத் துணியால் கட்டினாள்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டணும். ஆஸ்பத்திரியும் வேண்டாம், மந்திரிக்கிறவரும் வேண்டாம். காலையில எனக்கு என்னமும் செய்யுதுன்னா அது பயம்தான். விஷம் இல்ல."

"படிச்ச பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று தேவகிருபை எல்லோரிடமும் சொன்னாள். விருதுநகருக்குச் சரக்கு எடுக்கப் போன மகன் திரும்பியதும் சொல்ல அவளுக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது.

இப்போது வயிறு முறுக்கிப் பிழிந்தது. ஞானசெல்வி ஜாடி வரைக்கும் தவழ்ந்து போனாள். ஓர் இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். உள்ளே பாம்பு கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைப் பட்டை கழுத்தருகே பளிச்சென்று தொடங்கி, வால் பக்கம் போகப் போக மங்கியது. கட்டுவிரியனுக்கு இது நேர்மாறு. அவள் சொன்னதில் தப்பில்லை.

அப்படியானால் இமை ஏன் விழுகிறது?

கட்டுவிரியன் கடி வலிக்காது. தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. ராத்திரியில் படுக்கையின் சூட்டுக்கு வரும். வயிறு, இமை, நாக்கு. பிறகு மூச்சு. நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். பரீட்சையில் அவளே எழுதிய விடை.

"அத்தை," என்றாள். "ஆஸ்பத்திரி," என்றாள். இரண்டும் ஒரே முனகலாக வந்தன.

தேவகிருபை எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். சிரித்தாள். "நேத்து அம்புட்டுப் பேச்சு பேசுன. இப்ப பயந்துட்டியாக்கும்? நீதான சொன்ன, பயம்தான்னு." அவளை அணைத்துக் கொண்டுபோய்ப் பாயில் கிடத்தினாள். "படு. சுக்குத்தண்ணி போடுதேன்."

தலையை ஆட்ட நினைத்தாள். தலை ஆடவில்லை.

"பிள்ள பக்கத்துல கிடந்தா தைரியமா இருக்கும்." குழந்தையையும் தூக்கி வந்து கால்மாட்டில் உட்கார வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

இமைகள் மூடிக்கொண்டன. திறக்கவில்லை.

மழை விட்டது. வெளியே காகம் கரையத் தொடங்கியது. விறகிலிருந்து நீர் சொட்டியது. குழந்தையின் கொலுசு. பழைய சேலையை இழுக்கும் சரசரப்பு.

வாசலில் கன்னியம்மாவின் குரல் கேட்டது. "இன்னாம்மா, மீதி கட்டையும் எறக்கட்டா?" காலடி உள்ளே வந்தது. "ஜாடில இன்னா கீது?"

"பாம்பு. எங்க மருமக கையால பிடிச்சது. இப்ப பயந்துபோய்ப் படுத்துக் கிடக்கா, சீமாட்டி."

கன்னியம்மாவின் வளையல் ஜாடியில் உரசியது.

கொலுசு நின்றது. குழந்தை பாயைத் தட்டியது. பிறகு சிரித்தது. புதிதாக ஒரு பொருள் கைக்கு அகப்பட்டால் மட்டும் வரும் சிரிப்பு.

எடு. அத்தை, பிள்ளையை எடு.

வாய் இல்லை. கை இல்லை. மூச்சு பாதிதான் வந்தது.

குழந்தை இன்னும் சிரித்தது.

"சொன்னா வெறகு வேணாம்னுடுவீங்கன்னு சொல்லாம வுட்டுட்டேம்மா," என்றாள் கன்னியம்மா, மெல்ல. "படகாண்ட கட்டைத் தூக்கறப்போ பார்த்தேன். உள்ள பூந்தது ரெண்டு. இது சின்னது."