நான்கு விரல் தண்ணீர்

பின்னேரம் நோபேட் வாளியில் மிஞ்சியிருந்த தண்ணீரால் தன் கையாலேயே விளிம்புவரை நிரப்பி, தட்டால் மூடி, தட்டின் மேல் அம்மிக்குழவியையும் தூக்கி வைத்த மண்பானையில், ஏழு மணிக்குக் கரண்ட் போனதும் திறந்து பார்த்தபோது நான்கு விரல் தண்ணீர் குறைந்திருந்தது. குழவி வைத்தபடியே இருந்தது. பானையில் கசிவு இருக்குமோ என்று அதன் அடியில் தரையைத் தடவினான். காய்ந்த சீமெந்துதான் கையில் பட்டது.

மழை பொய்த்த அந்த வருடம் நாடு முழுக்கவே மின்சாரத்தைப் பங்கிட்டுத்தான் கொடுத்தார்கள். இருட்டியதும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் மெழுகுதிரி வாசமும் துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் எண்ணெய் வாடையும் கலந்து நிற்கும். பைப்பில் விடியற்காலை ஒரு மணித்தியாலம் மட்டும் தண்ணீர் வரும்.

"இஞ்சருங்கோ, இன்னும் ஒரு கிளாஸ் தண்ணி." உள்ளறையிலிருந்து மெற்றில்டா கூப்பிட்டாள்.

அவளுக்கு ஏழாம் மாதம். முதல் இரண்டும் ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. இதுவாவது தங்கவேண்டுமென்று செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய்வந்தாள். கொண்டுபோன தண்ணீரை அவள் மூச்சு விடாமல் குடித்துவிட்டு வெறும் கிளாஸை நீட்டினாள். உதடுகள் வெடித்திருந்தன.

"உப்பு இறைச்சியைத் தின்னக் குடுத்துப்போட்டுத் தண்ணிக்கு அழுறியள்," என்று பக்கத்து வீட்டு டோரின் காலையில்தான் நக்கலடித்திருந்தாள். "சந்தையில மீன் முடிஞ்சுபோச்சோ, புள்ளத்தாச்சிக்கு மான் இறைச்சி தேட?"

உப்பாகத்தான் இருக்கும் என்று அவனும் சிரித்து வைத்தான். குசினியில் கயிற்றில் தொங்கிய மான் இறைச்சி வத்தலைப் பார்க்காமல் சிரித்தான்.

போன சனிக்கிழமை, துறைமுகத்தில் அவனோடு வேலை செய்யும் மர்ஸூக் அவனைப் புத்தளத்துக்கு அப்பால் தன் மச்சானின் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். காட்டுப்பன்றி விரட்ட அந்த மச்சானிடம் அனுமதியுள்ள துவக்கு ஒன்று இருந்தது. வற்றிப்போன குளத்தின் நடுவில் ஒரு பாய் அகலத்துக்குத்தான் தண்ணீர் மிஞ்சியிருந்தது. சுற்றுக்காட்டில் உயிரோடிருந்த எதுவும் அங்கேதான் வந்தாக வேண்டும். நோபேட்டின் நெற்றியில் ரோச் லைற்றைக் கட்டிவிட்டு, மர்ஸூக் துவக்கை அவன் கையில் தந்தான்.

மான் வந்தது. கழுத்தைத் தாழ்த்தியது. நாக்கு தண்ணீரைத் தொடுமுன் நோபேட் வெளிச்சத்தைப் போட்டான். இரண்டு பச்சைக் கண்கள் அப்படியே நின்றன. ஓடவில்லை.

அந்தக் கணத்தில் அவனுக்குள் எழுந்த சந்தோஷத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. எத்தனையோ வருடங்களாக ஒவ்வொரு மாலையும் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, கண்ணுக்குள் பாயும் வெளிச்சத்தில் கைகால் உறைந்து நின்றவன் அவன். முதல் தடவையாக வெளிச்சத்தின் இந்தப் பக்கம் நின்றான். சுட்டான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, வெடிமருந்து வாசம் மூக்கில் ஏற, தான் ஒரு ஆண்பிள்ளை என்று மார்பு விம்மியது.

மான் இன்னும் சாகவில்லை. மூக்கு தண்ணீருக்கு ஒரு சாண் இப்பால் கிடந்தது.

"கத்தி ஜீப்புல கிடக்கு, எடுத்துட்டு ஓடியாறன்," என்றான் மர்ஸூக். தோளில் தொங்கிய போத்தலைக் கழற்றி நோபேட்டிடம் கொடுத்தான். "அதுக்குள்ள இதுக்குத் தண்ணி குடுங்க. அறுக்கப் போற ஜீவன் தாகத்தோட போகப்படாது."

நோபேட் மூடியைத் திறந்தான். மானின் நாக்கு வெளியே தள்ளி, மண் ஒட்டிக் கறுத்திருந்தது. தண்ணீர் வாசம் பட்டதும் அது அசைந்தது. சாய்க்கவேண்டியதுதான். ஆனால் அந்தக் கண்கள் தன்னையே பார்த்துக் காத்திருப்பதை இன்னும் கொஞ்சம் பார்க்க ஆசையாக இருந்தது. "பொட்டக் இன்ன," என்றான் மானிடம். கொஞ்சம் பொறு. சாவடியில் தினமும் அவனுக்குச் சொல்லப்படும் அதே சிங்கள வார்த்தை. பிறகு போத்தலைத் தன் வாயில் வைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

மர்ஸூக் மூச்சு வாங்க வந்தான். "குடுத்தீங்களா?"

"ஓம்."

மறுநாள் திரும்பும் வழியில் சாவடியில் மர்ஸூக்கை ஜீப்பிலேயே இருக்கச் சொல்லி, அட்டையிலிருந்த தகப்பனின் தமிழ்ப் பெயரைப் பார்த்து இவனை மட்டும் இறக்கினார்கள். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றான். யாரும் பார்க்காத நேரம் ஒரு சிப்பாய் கிட்ட வந்து தன் இடுப்புப் போத்தலை நீட்டினான். "பொன்ன, அய்யே." குடி, அண்ணா என்றான். குடிக்கும்போது நோபேட்டுக்கு அழுகை வந்தது. அன்றைக்கே வீட்டில் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

வீட்டில் ஈரலைப் பொரித்துக் கொடுத்தபோது மெற்றில்டா கேட்கவும் கேட்டாள்: "பாவம், அதுக்கு ஒரு வாய் தண்ணியாவது குடுத்தனீங்களோ?"

"ஓம், குடுத்தனான்," என்றான்.

அவள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு ஈரலைச் சாப்பிட்டாள்.

இப்போது அதை நினைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தான். மெழுகுதிரி கரைந்துகொண்டிருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும். சொன்னால் முகத்தைத் திருப்புவாள், இரண்டு நாள் கதைக்கமாட்டாள், பிறகு இரண்டு பேரும் கோயிலுக்குப் போகலாம். ஒரு வார்த்தைதான். எழும்புவோம் என்று கையை ஊன்றினான்.

குசினியில் ஏதோ நக்கியது.

பூனை என்று நினைத்தான். மெதுவான, நீளமான, சொரசொரத்த சத்தம். ஈரத்தில் படும் நாக்கின் சத்தம் அல்ல அது. காய்ந்த சீமெந்தைத் திரும்பத் திரும்ப நக்கும் சத்தம்.

"மெற்றில்டா?"

சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது.

உள்ளறைக் கட்டில் வெறுமையாக இருந்தது. தலையணை சூடாக இருந்தது. ஆணியில் தொங்கிய ரோச் லைற்றை எடுத்தான். போடவேண்டாம் என்று மனம் சொன்னது. குசினி வாசலில் காலடியில் பானை ஓடு நொறுங்கியது; பானை உடைந்த சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கவேயில்லை. மூக்கில் ஏறியது குளத்துச் சேற்று வாசம்.

போட்டான்.

இரண்டு பச்சைக் கண்கள். தரையோடு தரையாக. அப்படியே நின்றன.

அவளுடைய நீலச் சட்டை. அவளுடைய கைகள், ஊன்றியபடி. மண் ஒட்டிக் கறுத்த நாக்கு.

"அம்மா மாதாவே. பொறு பிள்ளை, தண்ணி கொண்டு வாறன்."

பைப்பைத் திறந்தான். காற்று. வாளியில் ஒன்றுமில்லை. கழுவித் திருப்பிக் கொடுக்கவென்று கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்த மர்ஸூக்கின் போத்தல் கண்ணில் பட்டது. அதை அவன் நிரப்பவில்லை. தூக்கினான். நிறைந்திருந்தது.

மூடியைத் திறந்தான். முழங்காலில் உட்கார்ந்தான். வாசம் பட்டதும் அவளுடைய நாக்கு அசைந்தது. சாய்க்கவேண்டியதுதான்.

கை சாயவில்லை.

"மெற்றில்டா, நான் குடுக்கேல்லை. அண்டைக்குப் பொய் சொன்னனான்," என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"பொட்டக் இன்ன," என்றது அவன் வாய்.

அவள் காத்திருந்தாள். கை தானாக உயர்ந்தது. போத்தலின் வாய் அவன் உதட்டில் முட்டியது. குளிர்ந்த தண்ணீர். இனித்தது. விழுங்கமாட்டேன் என்று பல்லைக் கடித்தான். தொண்டை விழுங்கியது. இன்னும் ஒரு மிடறு. இன்னும் ஒன்று. போத்தல் குறையவேயில்லை.

வெளிச்சத்தில் அந்தக் கண்கள் இமைக்கவில்லை. அவள் நாக்கு அசைவதை நிறுத்தியிருந்தது. ஆனால் நக்கும் சத்தம் நிற்கவில்லை. நீலச் சட்டைக்குக் கீழே, ஏழு மாத வயிற்றுக்கு உள்ளே, சின்னதாக, காய்ந்ததாக, அது கேட்டுக்கொண்டே இருந்தது.